சாயாத கூடை

கவரை அப்படித் தூக்கிப் பிடிக்காதீங்க தம்பி, கிழிஞ்சிரும். அத்தனை கொய்யாப்பழத்தை அந்தக் கவர் எப்படித் தாங்கும்? அடியில கை குடுங்க. ஆங், அப்படி. உக்காருங்க. பொள்ளாச்சிக்கா, உடுமலைக்கா? உடுமலையா? நானும் அங்கதான்.

மேலே என்ன பாக்கறீங்க? கூடையா? உக்கடத்துல ஏறினதிலிருந்து மூணு பேர் கேட்டுட்டாங்க, எந்தக் கடையில வாங்கினீங்கன்னு. கடையில்லீங்க. நான் பின்னினது. ஆமாங்க, நானேதான், இந்தக் கையாலதான். எடுத்துத் தரேன், பாருங்க. திருப்பி அடியைப் பாருங்க. கண்ணாடி மேசையில வெச்சாலும் ஆடாது. நாலு மூலையும் ஒரே உசரம். வாய் ஓரத்துல ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டேன், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கிடையாது.

இந்தக் கூடைக்காகத்தான் என் சம்சாரம் வீட்டை விட்டுப் போயிட்டா.

சிரிக்காதீங்க. சிரிக்கறதுக்குச் சொல்லலை. இருபத்திமூணு நாள் ஆச்சு. உடுமலையில அவ தங்கச்சி வீட்ல உக்காந்திருக்கா. ஊர்ல ஒவ்வொருத்தன் குடிச்சுட்டு வந்து பொண்டாட்டியை அடிக்கறான், அவளுக கூட வீட்லதான் இருக்காளுக. நான் என்ன பண்ணினேன்? ஒரு கூடையைச் சரி பண்ணிக் குடுத்தேன். அது குத்தமா? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு நாச்சிமுத்து. முப்பத்திரண்டு வருஷம் ஒரு பம்ப்செட் கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருந்தேன். மோட்டாருக்குள்ள சுத்துற ஷாப்டு இருக்குது பாருங்க, அது என் மேசைக்கு வராம வெளிய போகாது. முடி கனம் கூடினாலும் சரி, குறைஞ்சாலும் சரி, சிவப்புப் பெயிண்ட்டைத் தொட்டு ஒரு கோடு. அவ்வளவுதான், திரும்பிப் போயிரும். லேத்துல நிக்கற கடைசல்காரனுக என்னைக் கண்டாலே முணுமுணுப்பானுக. முணுமுணுக்கட்டும். நான் பாத்து அனுப்பின பம்ப்பு கிணத்துல நின்னு போச்சுன்னு ஒருத்தன் வந்தது கிடையாது.

ரிட்டயராகி வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரியுது, வீட்ல ஒண்ணுமே அளவுல இல்லை.

அம்சவேணி. அதான் என் சம்சாரம். நல்லவதான். குறை சொல்ல மாட்டேன். ஆனா கை போன போக்குல வேலை செய்வா. சாயந்திரம் நாலு மணியானா எங்க அபார்ட்மென்ட்டு மாடிப்படிக்குக் கீழ நாலு பொம்பளைங்க கூடிருவாங்க. மேல் வீட்டு மும்தாஜம்மா, எதிர்வீட்டு டீச்சர், இவ, இன்னொருத்தர். ஆளுக்கு ஒரு பாய். ஒயர் கட்டைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு, எஃப்.எம்.மை வெச்சுக்கிட்டு, கூடை பின்னறது. கை பின்னும், வாய் பாடும். ஆறு மணி வரைக்கும் ஒரே சிரிப்பு. என்னதான் அப்படிச் சிரிக்க இருக்குதோ!

பின்னட்டும், பாடட்டும், நான் வேண்டாம்னு சொன்னேனா? ஆனா பாடறதை ஒழுங்காப் பாடணுமில்லீங்க? இவளுக்கு எந்தப் பாட்டும் முழுசாத் தெரியாது. பல்லவி வரும். சரணத்துல ரெண்டாவது வரிக்கு மேல தெரியாது. அங்க என்ன பண்ணுவா தெரியுமா? "லல்லல்லா லல்லல்லா"ன்னு போட்டுக்குவா. போட்டுட்டு, கூச்சமே இல்லாம அடுத்த வரியில போய்ச் சேர்ந்துக்குவா. தோசை சுடறப்போ லல்லல்லா. துணி காயப் போடறப்போ லல்லல்லா. முப்பத்தாறு வருஷமாங்க!

சரி, நமக்குத்தான் இப்போ நேரமிருக்கேன்னு, இருபது பாட்டை எடுத்து, கேட்டுக் கேட்டு, வரி வரியா எழுதி, பிரிண்ட் போட்டு, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தேன். எவனாச்சும் பொண்டாட்டிக்கு இதைச் செய்வானா?

வாங்கிப் பாத்தா. "ஏனுங்க, இத்தனை எழுதியிருக்கீங்க, கை வலிச்சிருக்குமே"ன்னா. பிரிட்ஜுக்கு மேல வெச்சா. பாடறதைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா. நான் நினைச்சேன், மனப்பாடம் பண்றாப்பல இருக்குதுன்னு.

கிணத்துக்கடவு வந்துருச்சா? கண்டக்டர், இன்னொரு ஆளு இங்க நெருக்கி உக்கார முடியாதுங்க. கொய்யாப்பழம் நசுங்கிரும்.

எங்க விட்டேன்? கூடை. அவ மத்தவங்களுக்கெல்லாம் பின்னிக் குடுத்துட்டு, இந்தத் தடவை தனக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சா. புது ஒயர் வாங்கித் தரேன்னு சொன்னேன். வேண்டாமாம். எல்லாம் மிச்சத் துண்டு. பச்சை மும்தாஜம்மா குடுத்தது, ஊதா டீச்சர் குடுத்தது. ஆரஞ்சு நான் வாங்கிக் குடுத்ததாம். கல்யாணமான புதுசுல, ஒப்பணக்கார வீதியில. அப்பவே சொன்னேன், ஆரஞ்சு வேண்டாம், அழுக்கு தெரியும்னு. ஆரஞ்சுதான் வேணும்னு நின்னா. அதுல ஒரு கூடை பின்னி, மிச்சத்தை முப்பத்தாறு வருஷம் பீரோவுக்குள்ள வெச்சிருந்திருக்கா. துண்டு ஒயரை யாராச்சும் அத்தனை வருஷம் வெச்சுக்குவாங்களா? என்ன பழக்கம் இது?

பின்னினா. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த ஒயர்க்கூடையில ஒரு விஷயம் இருக்குதுங்க. தப்பு நடக்கறது அடியில. தெரியறது மேல. அடியில ஒரு முடிச்சு தவறிப் போச்சுன்னா, பின்னறப்போ ஒண்ணும் தெரியாது. சுவர் எழும்ப எழும்பத்தான் ஒரு பக்கம் சாயும். இவ பேச்சுச் சுவாரஸ்யத்துல ஒரு முடிச்சை விட்டுட்டா. கூடை இடது பக்கமாச் சாயுது. வாய் ஒரு பக்கம் ஒரு விரக்கடை உசரம். ஒரு பச்சை முடிச்சு இருக்க வேண்டிய இடத்துல ஊதா. நிக்க வெச்சா, தலையைச் சாய்ச்சு யாரையோ பாக்கற மாதிரி நிக்குது.

"அம்சா, இது சாயுதே"ன்னேன்.

"ஆமாங்க. யாராச்சும் ஏதாச்சும் சொன்னா காது குடுத்துக் கேக்கற மாதிரியே இருக்குதில்ல?"ன்னு சிரிக்கறா.

சிரிச்சா ஆச்சா? சிவப்பு ஸ்கெட்ச் பேனா எடுத்தேன். எங்கெங்க தப்போ அங்கெல்லாம் ஒரு புள்ளி. பதினோரு புள்ளி. வேற ஒண்ணும் பண்ணலை. பாத்துத் திருத்திக்கட்டும்னு வெச்சேன். அவ எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாத் துடைச்சா. துடைச்சுட்டு மறுபடி பாயை எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டா.

அன்னிக்கு மும்தாஜம்மா படியில நின்னுக்கிட்டு, "அண்ணா, எங்க கூடைக்கும் புள்ளி வெச்சுக் குடுங்க, பாஸா பெயிலான்னு பாத்துக்கறோம்"னு கேட்டாங்க. வெச்சுக் குடுத்தேன். கேட்டா வெக்க மாட்டேனா? டீச்சருதுல நாலு. மும்தாஜம்மாவுதுல ஆறு. அப்புறம் என்ன காரணமோ, படிக்குக் கீழ உக்கார்றதை விட்டுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாங்க. காத்து நல்லா வருதாம் அங்க. எனக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாதுன்னு தெரிஞ்சவங்கதான்.

அதோட விட்டிருக்கலாம்னு சொல்லுவீங்க. எப்படி விட முடியும்? தப்பைக் கண்ணால பாத்துட்டுத் தூங்க முடியுமா? எனக்கு முடியாது. அப்போ பாத்து அவ சொந்தத்துல ஒரு கல்யாணம், தாராபுரத்துக்கு மூணு நாள் போயிட்டா. கூடை பீரோ மேல இருக்குது, கைப்பிடி ஒண்ணுதான் பாக்கி.

இறக்கினேன். பிரிச்சேன்.

சும்மா சொல்லக் கூடாது, பிரிக்கறது லேசு இல்லீங்க. அவ முடிச்சு ஒவ்வொண்ணும் இறுக்கம். குத்தூசியை விட்டு நெம்பித்தான் எடுக்கணும். விரல் நுனியெல்லாம் கொப்புளம். மேலிருந்து கீழ வரைக்கும் பிரிச்சாச்சு. ஆனா ஒயர் பாழுங்க. பிளாஸ்டிக் ஒயர் ஒரு தடவை முடிச்சு விழுந்தா அந்த மடிப்பை விடாது. சுடுதண்ணியில போட்டு எடுத்தேன், இழுத்துக் கட்டி வெச்சேன். நெளிநெளியாத்தான் நிக்குது. அதை வெச்சு ஒழுங்கா ஒரு கூடை பின்ன முடியாது. தூக்கி ஒரு சாக்குல போட்டு, பழைய பேப்பர்காரனுக்குன்னு வாசல்ல வெச்சேன். கடைக்குப் போய்ப் புது ஒயர், சந்தன நிறமும் நீலமும். வீடியோவைப் பாத்துப் பின்னக் கத்துக்கிட்டேன். மூணே நாள்ல இந்தக் கூடை. சோறு கூட ஒழுங்காச் சாப்பிடலை. எல்லாம் யாருக்காக? அவளுக்காகத்தானே?

வந்தா. மேசை மேல வெச்சிருந்தேன். பாத்தா. திருப்பி அடியைத் தடவிப் பாத்தா. முகத்துல ஒரு சந்தோஷம் வரும்னு பாத்துக்கிட்டு நிக்கறேன்.

"என் கூடை எங்கங்க?"

"இதுதான். சரி பண்ணிட்டேன்."

"என் கூடை எங்கங்க?"

மறுபடி அதே கேள்வி. நானும் பொறுமையா விளக்கிச் சொன்னேன். அடியில ஒரு முடிச்சு தவறினா மேல என்ன ஆகும், சாய்மானம் எத்தனை, எல்லாம் சொன்னேன். ஒரு பேப்பர்ல வரைஞ்சும் காட்டினேன். முழுசும் கேட்டா. கேட்டுட்டு வாசலுக்குப் போனா. பேப்பர்காரன் வரலை அன்னிக்கு. சாக்கை உள்ள கொண்டு வந்து, தரையில கொட்டி, ஒவ்வொரு ஒயரா எடுத்து நிறம் நிறமாப் பிரிச்சு வெச்சா. சண்டை போடலை. அழுகலை. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். திட்டவே இல்லைங்கறதுதான் எனக்கு ஆத்திரம்!

அடுத்த நாள் காலையில இட்லி, கொத்தமல்லிச் சட்னி. எடுத்து வெச்சுட்டுக் கிளம்பிட்டா. கையில அந்தச் சாக்கு. மேசையில இத்தனை அழகா ஒரு கூடை இருக்குது, அதை விட்டுட்டுக் குப்பையை எடுத்துக்கிட்டுப் போறா! "அப்போ இதை என்ன பண்றது?"ன்னு கேட்டேன். செருப்பை மாட்டிக்கிட்டே சொல்றா: "உங்களுக்குத்தான் நல்லா வருதுங்களே. நீங்களே பின்னுங்க."

பாத்தீங்களா? முப்பத்தாறு வருஷத்துல இப்படி ஒரு பேச்சுப் பேசினதில்லை.

என்னது? பொள்ளாச்சியா? இருங்க, நீங்க இறங்க வேண்டாம், பஸ் பத்து நிமிஷம் நிக்கும். டீ வேணுமா? எனக்கு வேண்டாம். நானே போட்டுக் குடிச்சுக் குடிச்சு இப்போ டீயின்னாலே வெறுப்பா இருக்குது.

வீடு அமைதியா இருக்குதுங்க இப்போ. ஒரு சத்தம் கிடையாது. வெச்ச சாமான் வெச்ச இடத்துல. கேஸ் அடுப்பு துடைச்ச மாதிரியே இருக்குது. இதைத்தானே நான் கேட்டேன்? முந்தாநாள் எஃப்.எம்.மைப் போட்டேன். அவ பாடற பாட்டு ஒண்ணு வந்துச்சு. பல்லவி போச்சு. சரணம், முதல் வரி, ரெண்டாவது வரி. மூணாவது வரிக்கு நான் காதைத் தீட்டிக்கிட்டு இருக்கேன். பாடினவர் சரியான வரியைப் பாடறாரு. நான் பிரிண்ட் போட்டுக் குடுத்த அதே வரி. ஒரு எழுத்து மாறலை. எனக்கு என்னமோ எரிச்சலா வந்துச்சு. டப்புன்னு அமத்திட்டேன். ரேடியோவுல இப்பெல்லாம் பாட்டே சரியாப் போடறதில்லை.

போன் பண்ணினேன், பண்ணாம இல்லை. கொழுந்தியா எடுத்தா. சுலோச்சனான்னு பேரு, வாய் ஜாஸ்தி. "மாமா, அக்கா நல்லா இருக்கா. இங்க நாள் பூரா பாட்டுத்தான். எங்க வீட்ல யாரும் மார்க் போடறதில்லை பாருங்க"ங்கறா. நான் வெச்சுட்டேன் போனை. அப்புறம் சுலோச்சனாவே ஒரு போட்டோ அனுப்பினா.

அதைப் பாத்ததும்தான் தம்பி எனக்கு ரத்தம் கொதிச்சுது. இருங்க, காட்டறேன். பாருங்க. பச்சை, ஊதா, ஆரஞ்சு. அதே குப்பை ஒயர். அதே கூடை. சாயுது பாருங்க இடது பக்கமா! அதே பக்கம்! அந்தப் பச்சைக்குப் பதில் ஊதா, இங்க, பெருசு பண்ணிப் பாருங்க, அதே இடம்! ஒருத்தர் ஒரு தடவை தப்புப் பண்ணலாம். ரெண்டாந்தடவை அதே தப்பை, அதே இடத்துல, அதே அளவுல பண்ண முடியுமா? இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன் சொல்றேன், முடியாது. பதினோரு தப்பையும் எண்ணிட்டேன். பதினொண்ணும் இருக்குது.

ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு. ஒயர்தான். நான் சொன்னேனில்ல, மடிப்பை விடாதுன்னு? எந்த ஒயர் எங்க வளைஞ்சு, எதுக்குள்ள போய், எங்க திரும்புச்சோ, அத்தனையும் அதுலயே இருக்குது. அவ மடிப்பைப் பாத்துப் பாத்து, முடிச்சு முன்னாடி இருந்த இடத்துலயே முடிச்சைப் போட்டிருக்கா. எத்தனை மடிப்பு இருக்கும் தெரியுமா? ஆயிரத்துக்கு மேல! ஒவ்வொண்ணாத் தேடி உக்காத்தி வெச்சிருக்கா. அந்தப் பொறுமை இருக்கறவளுக்கு, ஒழுங்கா ஒரு கூடை பின்ன வராதா? வரும். நல்லா வரும். வேணும்னே சாய்ச்சு வெச்சிருக்கா.

எதுக்குங்க? சாயற கூடையை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணப் போறா?

கோமங்கலம் தாண்டிட்டமா? இன்னும் கொஞ்ச நேரந்தான்.

நான் இன்னிக்குப் போறது சமாதானத்துக்கில்லை. அதைத் தெளிவாச் சொல்லிடறேன். மன்னிப்புக் கேக்கறதுக்கு நான் ஒண்ணும் பண்ணலை. விஷயம் வேற. அந்தப் போட்டோவுல வாய் ஓரத்தைப் பாருங்க. இங்க. கடைசி வரிசையில ஒரு இடம் காலியா இருக்குது, பாத்தீங்களா? ஆரஞ்சு வர வேண்டிய இடம். ஒரு துண்டு குறையுது. அவ எண்ணிப் பாத்திருப்பா, சாக்கை உதறிப் பாத்திருப்பா, கிடைச்சிருக்காது. ஏன்னா அது எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. நான் பிரிக்கறப்போ தெறிச்சுப் போனது. காலையில கூட்டினேன், சிக்குச்சு. நான்தான் கூட்டினேன், வேற யாரு இருக்கா? பதினெட்டரை அங்குலம். அளந்து பாத்தேன். ஏழு மடிப்பு. அந்தக் காலி இடத்துக்கும் ஏழு முடிச்சுத்தான் வரும். பொருந்துது.

வேலைன்னு ஒண்ணு நடந்தா அது முழுசா முடியணும். அது தப்பான வேலையா இருந்தாலும் சரி. அதுக்காகத்தான் போறேன், வேற ஒண்ணுமில்லை. குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். அவ உள்ள வாங்கன்னா வேணா, ஒரு டீ.

டிக்கெட்டா? வாங்கிட்டேனே கண்டக்டர். இருங்க, பையில பாக்கறேன். இந்தாங்க. ஐயோ, விழுந்திருச்சு. தம்பி, உங்க காலுக்குக் கீழ பாருங்க, ஆரஞ்சா. ஆமா, அதுதான். எடுங்க. குடுங்க.

என்ன பண்றீங்க? நேராக்காதீங்க! விடுங்க, இழுக்காதீங்க! எவ்வளவு நெளிஞ்சிருக்குதுன்னா என்ன? நெளிஞ்சேதான் இருக்கணும். அந்த மடிப்புப் போச்சுன்னா அவளுக்கு எங்க முடிச்சு வருதுன்னு எப்படித் தெரியும்? குடுங்க இப்படி. அப்பாடா. ஏழும் இருக்குது. ஒண்ணு, ரெண்டு... ஏழு. இருக்குது.

கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. காலையில நானும் அதைத்தான் பண்ணப் போனேன். சுடுதண்ணி கூட வெச்சுட்டேன். அப்புறம் என்னமோ, அடுப்பை அமத்திட்டேன்.

உடுமலை வந்திருச்சு. இறங்குங்க, நான் பின்னால வரேன். பாத்து, உங்க கவர், நான் சொன்னேனில்ல, கிழிஞ்சிரும்னு! பிடிங்க, பிடிங்க. ரெண்டு பழம் உருண்டு போச்சு, விடுங்க.

இந்தாங்க, இதுல போடுங்க. கூடைதான், எதுல போடச் சொல்றேன்? அட, வெச்சுக்குங்க, திருப்பித் தர வேண்டாம். எனக்கு எதுக்கு? அங்க எடுத்துக்கிட்டுப் போனா, அவ கூடைக்குப் பக்கத்துல வெச்சு அளந்து பாக்கத் தோணும் எனக்கு. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?

பிடிங்கன்னு சொல்றேன்ல. பெரிய காயை அடியில போடுங்க தம்பி, பழுத்ததை மேல போடுங்க. அப்படியில்லை, காம்பு கீழ பாக்கற மாதிரி... சரி விடுங்க. உங்களுக்குத் தோணற மாதிரி போடுங்க.